எதிராளிக்கும் கேட்கும்படி

2023 ஏப்ரல், கஜகஸ்தானின் அஸ்தானா. உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டியின் முதல் ஆட்டம் டிராவில் முடிந்திருந்தது. பத்திரிகையாளர் சந்திப்பில், ‘தொடக்கம் சுமார்தான், நாளை பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு சீன வீரர் டிங் லிரென் எழுந்து போயிருக்கலாம். அவரோ, மனம் சோர்ந்திருப்பதாகச் சொன்னார். ஆட்டத்தை யோசிக்க முடியவில்லை, விசித்திரமான நினைவுகள் வந்துகொண்டே இருந்தன, மனதில் ஏதோ சரியில்லை போலிருக்கிறது என்றார். எதிராளி இயான் நெபோம்னியாச்சிக்கும் அவருடைய குழுவுக்கும் இதைவிடப் பெரிய துப்பு கிடைக்குமா? இன்னும் 13 ஆட்டங்கள் பாக்கி இருந்தன. மறுநாள் வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங் தோற்றார்.

வீரர்கள் மனம் திறந்து பேசுவது இன்று சகஜமாகிவிட்டது. ஆவணப்படங்கள் வருகின்றன, நீண்ட பேட்டிகள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. கண்ணீர் வந்ததா, குரல் தழுதழுத்ததா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். சொன்ன நேரத்தில் சொன்னவர் எதை இழக்கக்கூடும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2013 ஜனவரியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் ஊக்கமருந்து உண்மையை ஒப்புக்கொண்டார். தன்னை நம்பி மற்றவர்களோடு வாதாடிய மகனிடம், இனி எனக்காகப் பேசாதே என்று சொன்னதை விவரிக்கும்போது அவருக்குத் தொண்டை அடைத்தது. அந்தத் துயரம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அறிக்கை வெளியாகி, 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிபோயிருந்தன. பெரிய விளம்பர நிறுவனங்களும் விலகிவிட்டன. மறைக்க மிச்சம் அதிகம் இல்லாதபோது வந்த வாக்குமூலம் அது. மீண்டும் போட்டிகளில் இறங்க விருப்பம் என்பதையும் அதே பேட்டியில் சொன்னார். உண்மையை முன்பே சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று அவர் ஆண்டுக்கணக்கில் தாக்கியபோது பேசியிருந்தால், அந்த வார்த்தைகளுக்கு வேறு எடை இருந்திருக்கும். உணர்ச்சி உண்மையாக இருக்கலாம். நேரமும் மேடையும் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

டிங் நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அஸ்தானாவில் மூன்று முறை பின்தங்கி, மூன்று முறையும் சமன்செய்து, ஏப்ரல் 30-ல் ரேபிட் டைபிரேக்கரில் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டு பல மாதங்கள் போட்டிகளில் அவரைக் காணவில்லை. மனச்சோர்வு பற்றி ஒளிக்காமல் பேசினார். அடுத்த சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் குகேஷை எதிர்கொள்ளும் முன், மோசமாகத் தோற்றுவிடுவேனோ என்று அஞ்சுவதாகவும் சொன்னார். நடப்பு சாம்பியன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமா? பலர் அதைக் கேட்டு, அவர் கதை முடிந்தது என்றே கணக்குப் போட்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நேர்மையைப் பலவீனமாக மொழிபெயர்க்கிற நாமேதான், அடுத்த வீரரைச் செதுக்கிய வாக்கியங்களின் பின்னால் ஒளிந்துகொள்ள வைக்கிறோம்.

2024 நவம்பரில் சிங்கப்பூரில், முதல் ஆட்டத்திலேயே கருப்புக் காய்களோடு குகேஷை வீழ்த்தினார் டிங். இடையில் குகேஷ் ஒரு ஆட்டத்தை வென்று சமன்செய்தார். 11-வது ஆட்டத்தில் டிங் தோற்று, 12-வதில் திருப்பிக் கொடுத்தார். 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமம். டிசம்பர் 12, கடைசி ஆட்டம், 55-வது நகர்த்தல்: யானையை நகர்த்திய ஒரே பிழையில் டிங்கின் பட்டம் போனது. 18 வயதுச் சென்னைப் பையன் குகேஷ் கண்ணீர் வழிய, காய்களை மீண்டும் தொடக்க நிலையில் அடுக்கினான். எந்த விளம்பரக் குழுவும் திட்டமிட்டு அமைக்க முடியாத காட்சி அது. டிங் பத்திரிகையாளர் முன் வந்தார். பிழையை உணர்ந்த நொடியில் அதிர்ந்துபோனதாகச் சொன்னார். முந்தைய நாள் தப்பித்ததே அதிர்ஷ்டம், கடைசியில் தோற்றது நியாயமான முடிவுதான், வருத்தம் இல்லை என்றார்.