50 கிரவுண்டில் ஒரு போர்வை

2016 ஜனவரி 31. சென்னையில் ஒரு போர்வையை விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். அம்பத்தூர் பாஷையில் சொன்னால் 50 கிரவுண்ட்! சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பித்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழு, பல ஊர்ப் பெண்கள் பின்னிய துண்டுகளை இணைத்துச் செய்தது. உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் சர்ட்டிபிகேட் கொடுத்தது. அதற்கு முன் அந்த ரெக்கார்டு, மண்டேலா பேரைச் சொல்லிப் பின்னிய தென்னாப்பிரிக்கர்களிடம் இருந்தது. சாதனை முடிந்ததும் போர்வைகள் இல்லாதவர்களுக்குப் போயின. நல்ல காரியம்.

போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நாற்பது வருஷமாக குரோஷா ஊசியும் கையுமாக இருப்பவள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். 'எம்மாம் பெருசு!' என்பாள் என்று காத்திருந்தேன்.

"இத்தனையையும் யாருடா ஜாயின் பண்ணினா?" என்றாள்.

இதுதான் விமர்சனம். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கணக்கு. ஆனாலும் இறுக்கிப் போடுகிற கை ஒன்று, தளர்த்திப் போடுகிற கை ஒன்று. ஒருத்தியின் சதுரம் அரை அங்குலம் குறையும், இன்னொருத்தியுடையது கூடும். அதைச் சுருக்கம் தெரியாமல் சேர்ப்பது தனி வித்தை. கின்னஸ்காரர் டேப் வைத்துப் பரப்பளவை அளந்தார். பொழுதை யார் அளந்தார்கள்?

ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. குரோஷாவுக்கு அப்படி ஒன்று ஆலைகளுக்கு வரவில்லை. ஷாப்பிங் மாலில் சல்லிசாகத் தொங்கும் அசல் குரோஷா டாப்ஸ்கூட எங்கேயோ யாரோ ஒருத்தர் கையால் போட்டதுதான். விலையைப் பார்த்தால் கூலி எவ்வளவு என்று புரிந்துவிடும்.

நமக்கு ஸ்வெட்டர் தேவையில்லை. சென்னைக் குளிர் மார்கழியில் நாலு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால் அம்மாக்கள் மனிதர்களை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு உடுத்தினார்கள். ரேடியோவுக்கு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு, டி.வி.க்கு. எஸ்டேட்டில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை ராத்திரி முழித்திருந்து போட்டது எங்கள் டி.வி. கவர். பிறகு டி.வி. தட்டையாகிவிட்டது. கவர் ஸ்கூட்டர் துடைக்கும் துணியானது. துடைத்தவன் நான்.

நான் பி.காம். வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலை தேசிய வருமானத்தில் சேராது என்று காலேஜில் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அது எங்கள் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் தோன்றவில்லை.

பக்கத்து ஃபிளாட் பெண் போன வாரம் வந்தாள். "அக்கா, எனக்கும் ஒரு டேபிள் கிளாத் போட்டுத் தாங்களேன். நூல் காசு கொடுத்துடறேன்."

அவள் போனதும் பேப்பர் எடுத்து காஸ்ட்டிங் போட்டேன். 30 மணி நேரம், மணிக்கு 50 ரூபாய். அதுவே குறைச்சல். "கூலி மட்டும் 1,500 ரூபாய் கேளும்மா" என்றேன்.

"போடா, அவ என்ன நினைப்பா!"

ஊசி நாலு சங்கிலி போட்டது. பிறகு நின்றது.

"நூல் காசு தனிதானே?" என்றாள்.