அனாமத்துக் கணக்கு

நான் பி.காம். மூன்று வருஷப் படிப்பில் உருப்படியாக மனதில் தங்கியது ஒரே ஒரு சமாசாரம். அனாமத்துக் கணக்கு.

ட்ரையல் பேலன்ஸ் போடுகிறீர்கள். பற்றும் வரவும் சரியாக வரவேண்டும். வரவில்லை. நாற்பத்தேழு ரூபாய் உதைக்கிறது. விடிய விடியத் தேடியும் தப்பு அகப்படவில்லை. என்ன செய்வீர்கள்? அந்த நாற்பத்தேழு ரூபாயை அனாமத்துக் கணக்கு என்ற தலைப்பில் எழுதிவைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகத் தேட வேண்டும். கையில் கிடைத்த ஏதோ ஒரு பார்ட்டியின் தலையில் கட்டக் கூடாது.

துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றிய புத்தகங்களை எழுதுகிற பலருக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை போலிருக்கிறது.

ஜாக் தி ரிப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1888 ஆகஸ்ட் 31-லிருந்து நவம்பர் 9 வரை, கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் வட்டாரத்தில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். யார் செய்தது? தெரியாது. கதை இவ்வளவுதான். ஆனால் புத்தகங்கள்? அலமாரி கொள்ளாது!

1976-ல் ஸ்டீபன் நைட் ஒரு புத்தகம் எழுதினார். அரச குடும்பத்து ரகசியத்தை மறைக்க, ராணியின் டாக்டர் வில்லியம் கல் தலைமையில் நடந்த சதி என்றார். டாக்டருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். முந்தின வருஷம்தான் பக்கவாதம் வந்திருந்தது. நைட்டுக்குக் கதை கொடுத்தவரே 1978-ல், 'ரிப்பர் சமாசாரமெல்லாம் நான் விட்ட சரடு' என்று ஒப்புக்கொண்டார். புத்தகம் அதற்குப் பிறகும் சக்கைப்போடு போட்டது. (நான் வாங்கியதும் அதற்குப் பிறகுதான். என்னைச் சொல்ல வேண்டும்.)

அந்தப் புத்தகத்தில் எடுபிடியாக வந்த ஓவியர் வால்டர் சிக்கர்ட்டுக்கு 2002-ல் பிரமோஷன். அவரேதான் கொலைகாரர் என்றார் க்ரைம் நாவலாசிரியை பட்ரீஷியா கார்ன்வெல். அட்டையிலேயே 'கேஸ் க்ளோஸ்டு'! சிக்கர்ட்டின் ஓவியங்களை முப்பதுக்கு மேல் விலைக்கு வாங்கி ஆராய்ந்தார். டி.என்.ஏ. சோதனையும் உண்டு. ஆனால் 1942-ல் இறந்த சிக்கர்ட்டை எரித்துவிட்டார்கள். அவருடையது என்று நிச்சயமாகச் சொல்ல ஒரு டி.என்.ஏ.வும் இல்லை. பழைய கடிதங்களோடு பழைய கடிதங்களை ஒப்பிட்டார். போலீஸுக்கு வந்த அந்த 'ரிப்பர்' கடிதங்களில் பெரும்பாலானவை வேலையற்றவர்களின் விளையாட்டு. போதாக்குறைக்கு, அந்தச் சமயத்தில் சிக்கர்ட் ஃபிரான்ஸில் இருந்ததாகக் குடும்பக் கடிதங்கள் சொல்கின்றன. கார்ன்வெல் அசரவில்லை. 2017-ல் அதே ஆசாமி மேல் இன்னொரு புத்தகம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். செத்தவர்களின் பெயரைக் கெடுத்தால் இங்கிலாந்துச் சட்டப்படி அவதூறு வழக்குக் கிடையாது. அந்தத் தைரியம்தான். மான்டேக் ட்ரூயிட் என்றொரு வக்கீல். 1888 டிசம்பர் 31-ல் தேம்ஸ் நதியில் பிணமாகக் கிடைத்தார். 1894-ல் மெக்நாட்டன் என்ற போலீஸ் அதிகாரி எழுதிய குறிப்பில், சந்தேக லிஸ்டில் முதல் பெயர் இவருடையது. அதிலே 'டாக்டர், வயது சுமார் 41' என்று இருக்கிறது. ட்ரூயிட் டாக்டருமில்லை, 41-மில்லை. வயது 31. மெக்நாட்டன் போலீஸில் சேர்ந்ததே கொலைகளெல்லாம் நடந்து முடிந்த அடுத்த வருஷம். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைக் கொலைகாரன் என்கிறோம். 'என்கிறோம்' என்றுதான் எழுத வேண்டும். முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் பெயரைத் தேடுகிற ஆசாமி நான். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

யோக்கியமாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1970-களிலும் 80-களிலும் நடந்த தொடர் கொலைகளைப் பற்றி மிஷல் மெக்னமாரா எழுதியதைப் படியுங்கள். முடிக்கும் முன்னே 2016-ல் இறந்துபோனார். யார் தலையிலும் கட்டாமல், தெரியாததைத் தெரியாது என்றே விட்ட புத்தகம் 2018 பிப்ரவரியில் வந்தது. ஏப்ரலில் ஆள் பிடிபட்டான். முன்னாள் போலீஸ்காரன்!

ரிப்பர் பக்கம் நான் சிபாரிசு செய்வது ஒன்றே ஒன்று. ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-ல் எழுதிய 'தி ஃபைவ்'. கொலைகாரனைத் தேடவே இல்லை. ஐந்து பெண்களும் யார், எங்கே பிறந்தார்கள், எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்பதுதான் மொத்தப் புத்தகமும். சில இடங்களில் இவரும் ஆதாரம் தீர்ந்ததும் 'இருந்திருக்கும்' போட்டு நிரப்புகிறார். எனக்கு உறுத்தியது. ஆனாலும் கடைசி அத்தியாயத்துக்குத் தாவாமல் நான் படித்த முதல் ரிப்பர் புத்தகம் இதுதான்.

கேத்தரின் எட்டோஸ் கொலையானபோது அவரிடம் இருந்த பொருள்களைப் போலீஸ் லிஸ்ட் எடுத்தது. டீத்தூள் ஒரு டப்பா, சர்க்கரை ஒரு டப்பா, சோப்புத் துண்டு ஆறு, சின்னச் சீப்பு, வெள்ளைக் கைப்பிடி போட்ட மேஜைக் கத்தி, ஒற்றைச் சிவப்புக் கையுறை. ஒரு கடுகு டப்பாவுக்குள் அடகுச் சீட்டு இரண்டு. அதில் ஒன்று, கூட வாழ்ந்த மனுஷனின் பூட்ஸை ஓரிரு நாள் முன்பு இரண்டரை ஷில்லிங்குக்கு வைத்தது. அந்தக் காசில்தான் டீத்தூளும் சர்க்கரையும் வாங்கியிருக்கிறார்கள்.