கட்டினார்களா, செருகினார்களா?

ஓவியர் ரெனுவாரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை வந்துவிடும். சரவாங்கியால் விரல்கள் முடங்கிய பிறகு, தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டு வரைந்தாராம். எனக்கு இந்தக் கதைமேல் ஒரு கோபம் உண்டு.

1915-இல் சாஷா கித்ரி எடுத்த மௌனப்படத் துண்டு இணையத்தில் கிடைக்கிறது, பாருங்க. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. பக்கத்தில் கடைசி மகன். தூரிகையைத் தானாக எடுக்க அவரால் முடியாது; யாராவது கையில் செருக வேண்டும். செருகிவிட்டால் போதும், கை பாட்டுக்கு வேகமாப் போகுது, வருது. கையில் துணி சுற்றியிருந்தது உண்மைதான். மடங்கிய விரல்கள் உள்ளங்கையைப் புண்ணாக்காமல் இருக்கத்தான் அது.

'கட்டினார்' என்றால் ஒற்றை வீரன். 'செருகினார்கள்' என்றால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார். கதை சொல்கிறவர்கள் அந்த ஆளை அழித்துவிடுகிறார்கள்.

இது வயசானால் வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை. நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி, எலும்பை அரித்து, விரல்களைக் கோணலாக்குகிறது. ரெனுவாருக்கு ஐம்பதை ஒட்டி வந்தது. அன்று வலிக்குத்தான் மருந்து. நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்றவை பிற்பாடு வந்தவை. என் சித்திக்கு முப்பத்தெட்டில் வந்தது. காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. சொந்தக்காரர் ஒருவர் இந்த ரெனுவார் கதையை வாட்ஸாப்பில் அனுப்பி, "மனசு வெச்சா முடியும்"னு எழுதியிருந்தார். சித்திக்கு அப்போ தேவைப்பட்டது பால் பாக்கெட்டைக் கத்தரிச்சுக் கொடுக்க ஒரு ஆள்.

ஓவியத்துக்கு வருவோம். 1918-19-இல் வரைந்த 'குளிக்கும் பெண்கள்' இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய சித்திரத் துணியை உருளைகளில் சுற்றி, வரையும் பகுதியைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். எனக்கு அந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்காது. உடல்கள் ஊதிப்போய், சிவப்பு தூக்கலாக இருக்கும். ஆனா அதைக் கைக்கோளாறு என்று சொல்ல மாட்டேன். ரூபன்ஸ் பக்கம் அவர் விரும்பிப் போன வழி அது. நோயாளியின் படம் என்று சலுகை கொடுத்துப் பார்ப்பதும் அவமரியாதைதான்.

சிற்பங்களில் இந்த மறைப்பு இன்னும் மோசம். 1913 முதல் ரெனுவார் சொல்லச் சொல்ல, 'வீனஸ் விக்ட்ரிக்ஸ்' உள்ளிட்ட சிலைகளுக்குக் களிமண்ணைப் பிசைந்த விரல்கள் ரிஷார் கினோ என்ற இளைஞருடையவை. அவரும் இணைப் படைப்பாளிதான் என்பதைப் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1973-இல்.