துயர் காட்டலும் துணை நிற்றலும்: 'மினமாட்டா' விவரணப் படம் பற்றிய ஒரு நோக்கு

பிறர் துயர் கண்டு கண்ணீர் உகுத்தல் எளிது. துயருற்றாரோடு உடன்நின்று நீதி கேட்டல் அரிது. சுற்றாடற் கேட்டினால் நலிந்த மக்கள் ஒன்றுகூடி உரிமை கோருங்கால், விவரணப் படம் அவர்க்குத் துணையாகுமா, அன்றி அவர் துயரைத் தன் வாணிபப் பொருளாக்கிக் கொள்ளுமா? யப்பானிய நெறியாளர் நொரியாக்கி சுச்சிமொத்தோ (1928–2008) 1971இல் ஆக்கிய 'மினமாட்டா: நோயுற்றோரும் அவர்தம் உலகமும்' என்னும் படம் இவ்வினாவுக்குத் தக்க விடையாய் அமைகின்றது.

மினமாட்டா, கியூசுத் தீவிற் சிரனூயிக் கடலோரத்து ஊர். அங்கே சிசோக் கம்பனியின் ஆலை 1932 முதல் அசற்றலிடிகைட்டு என்னும் இரசாயனப் பொருளை உற்பத்தி செய்தது. அதற்கு ஊக்கியாய் உதவிய இரசத்தினின்றும் தோன்றிய நச்சுச் சேர்வை கழிவுநீரோடு கடலிற் கலந்து, மீனிலும் சிப்பியிலும் செறிந்து, அவற்றை உண்டாரின் நரம்பு மண்டலத்தைத் தாக்கிற்று. தாயின் வயிற்றிலிருந்த சிசுவும் தப்பவில்லை. நோய் 1956 மே 1ஆம் நாள் சுகாதார நிலையத்துக்கு அறிவிக்கப்பட்டது. சேதன இரசமே ஏது என 1959இற் குமமொட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர் கூறினர். எனினும் 1968 வரை ஆலை அவ்வுற்பத்தியை நிறுத்திற்றிலது. 1959 இறுதியிற் கம்பனி வறிய மீனவரிடம் சிறு தொகை கொடுத்து, ஆலையே காரணமெனப் பின்னர்த் தெளியினும் மேலும் கேளோம் என எழுதுவித்துக் கொண்டது. அவ்வாறிருந்தும் 1969இல் 29 குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. அவற்றையே படம் நாடிச் செல்கின்றது.

இப்படத்தின் வேர் ஒரு தாயின் கடிந்துரையில் உள்ளது. 1965இல் தொலைக்காட்சிக்காக அங்கே சென்ற சுச்சிமொத்தோவை, இசைவின்றித் தன் பிள்ளையைப் படம்பிடித்தமைக்காக அவள் கடிந்தாள். அச்சொல் அவரை நெடுங்காலம் வருத்திற்று. மீண்டும் சென்றபோது அவரும் குழுவினரும் மாதக்கணக்கில் அங்கே தங்கி, அம்மக்களோடு பழகிய பின்னரே அவர்தம் வாழ்வைப் பதிந்தனர். படத்தில் நோயாளர் காட்சிப் பொருளாகாது, தம் கதையைத் தாமே கூறுவாராய் விளங்குதல் இதன் பயனேயாம்.

அழுகை, வெகுளி என்னும் மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் வேறுபடுத்தியவாறு இங்கே நினைத்தற்குரியது. இழிவும் இழப்பும் நிலைகெடுதலும் வறுமையும் அழுகைக்கு நிலைக்களன். உறுப்பறுத்தலும் குடியைக் கெடுத்தலும் அலைத்தலும் கொல்லுதலும் வெகுளிக்கு நிலைக்களன். முன்னைய நான்கையும் காட்டி அமையும் படம் இரக்கத்தை மட்டுமே விளைக்கும். இவர்க்கு இவை தாமாக நேர்ந்தனவல்ல, பிறரால் இழைக்கப்பட்டன என்று உணர்த்தும் படமே வெகுளியை எழுப்பும். சுச்சிமொத்தோவின் படம் முன்னதினின்றும் பின்னதற்கு நம்மை நடத்துகின்றது.

அந்நடை அவசரமற்றது. எண்காற் கணவாய் பிடிக்கும் முதியவர் ஒருவரின் கைத்திறனைப் படக்கருவி பொறுமையோடு நோக்குகின்றது. கடல் அம்மக்களுக்கு உணவும் தொழிலும் மகிழ்ச்சியுமாய் இருந்ததென்பதை அங்கே உணர்கின்றோம். உணர்ந்த பின்னரே இழப்பின் அளவு விளங்குகின்றது. இறுதியில் நோயுற்றோரும் உற்றாரும் கம்பனியின் பங்குகளை வாங்கி, பங்காளர் என்ற உரிமையோடு, வெண்ணிற யாத்திரிகர் உடையணிந்து, 1970 நவம்பரில் ஒசாக்காவில் நிகழ்ந்த பொதுக்கூட்டத்துட் புகுகின்றனர். கம்பனித் தலைவரை நேருக்கு நேர் நின்று வினவும் அக்காட்சியில், அதுகாறும் வீடுதோறும் தனித்தனியே கண்ட துயரம் ஓரணியாய்த் திரண்டு குரல் பெறுகின்றது.

குறையும் கூறல் வேண்டும். அக்காட்சியின் வேகத்திற் பார்ப்போன் வெற்றி கைகூடிற்றென மயங்குதல் கூடும். உண்மையில் நீதிமன்றம் கம்பனியின் பொறுப்பை நிலைநாட்டியது 1973 மார்ச்சிலாகும். அரசின் பொறுப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததோ 2004இலாகும். படம் வழக்காகாது, அமைப்பாகாது, ஆண்டாண்டாய் நடந்து திரிந்த கால்களுக்கு ஈடுமாகாது.

இதனைச் சுச்சிமொத்தோ அறிந்திருந்தார். தம் படத்தை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்றதோடு அவர் அமைந்திலர். 1977இற் சிரனூயிக் கடலோரச் சிற்றூர்களுக்கும் தீவுகளுக்கும் படச்சுருள்களைச் சுமந்து சென்று காட்டினார். மீன் விலைபோகாதென அஞ்சி நோயை மறைத்தோரும், தமக்குற்றது இன்ன நோயென அறியாதோரும் அங்கே இருந்தனர். அவர்தம் உடலில் உள்ளதற்குப் பெயரும் காரணமும் உண்டென்று கூறுதற்கே அப்பயணம் மேற்கொள்ளப்பட்டது.

ஆகவே இத்தகைய படங்களை மதிப்பிடுங்கால் அவை பெற்ற பரிசுகளை எண்ணுதல் போதாது. படத்தில் தோன்றும் மக்கள் அதனைத் தம் முற்றத்தில் இருந்து பார்த்து, இது எம் கதை, எமக்குப் பயன்படும் என்று கூற இயலுமா என்பதே உரைகல்லாகும். அன்று கடிந்துகொண்ட தாய்க்கு அளிக்கத்தக்க மறுமொழியும் அதுவே.