அயலவர் இல்லாத வரலாறு: யூத வெறுப்பு பற்றிய ஆய்வுகளைப் படுவான்கரையில் வைத்து வாசித்தல்

ஈழத்தமிழரின் அரசியல் பேச்சில் யூதருக்கு நீண்டகாலமாக ஓர் இடம் உண்டு. நாடிழந்து அலைந்தவர்கள், அறுபது இலட்சம் பேரைப் பறிகொடுத்தவர்கள், ஈற்றில் தங்களுக்கென்று ஒரு நாட்டைப் பெற்றவர்கள் என்ற கதையை மேடைகளில் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூரிலும் வெல்லாவெளியிலும் அதைக் கேட்டவர்கள் அதில் தங்களையே கண்டார்கள். அப்படிக் கண்டதில் பிழையில்லை. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாக யூத வெறுப்பு பற்றிய ஆய்வுத்துறை பாதிக்கப்பட்டவரைப் பற்றி எழுதியதற்குச் சமமாக அவருடைய அயலவரைப் பற்றியும் எழுதியிருக்கிறது. அந்தப் பகுதி இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லை.

இந்தக் கதை இலங்கைக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 12ஆம் நூற்றாண்டில் எழுதிய அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, செரண்டீப் (இலங்கை) மன்னனின் ஆலோசகர் பதினாறு பேரில் நால்வர் யூதர் என்கிறார். அக்கரையில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. துன்புறுத்தல் இந்தக் கடலுக்குப் போர்த்துக்கேயருடன் வந்தது. 1497இல் தம் நாட்டு யூதரைக் கட்டாய மதமாற்றம் செய்தவர்கள், 1560இல் கோவாவில் விசாரணை மன்றத்தை நிறுவினார்கள். மூலிகை நூல் எழுதிய மருத்துவர் கார்சியா த ஓர்டா இறந்த பின்பும், இரகசிய யூதர் என்று குற்றஞ்சாட்டி, 1580இல் அவரது எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள். கொக்கட்டிச்சோலையில் கோயிலை இடிக்க வந்த பறங்கியருக்கு முன்னால் கல் நந்தி புல் தின்ற கதையைப் படுவான்கரையில் அறியாதவர் இல்லை. அதே பறங்கியர்தான் 1662இல் கொச்சியில் யூதரின் தொழுகை மண்டபத்துக்கும் தீ வைத்தார்கள்.

வதந்தி பற்றிய ஆய்வுகளை இந்தத் துறையின் மிக வளமான பகுதி என்பேன். கவின் லாங்முயர் என்ற வரலாற்றாசிரியர் யூதர் மீதான பகைமையை வகைபிரித்தார். அவற்றுள் ஒன்று, யூதர் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்ததாகக் கற்பித்து அதன்மேல் கட்டப்படும் பகை. 1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு சிறுவன் இறந்தான். சில ஆண்டுகள் கழித்து அங்கு வந்த தோமஸ் என்ற துறவி, யூதர்கள் அவனைச் சடங்குக்காகக் கொன்றதாகப் புத்தகம் எழுதினார். அந்தக் கற்பனை எண்ணூறு ஆண்டுகள் உயிர்களைக் குடித்தது. 1348இல் கொள்ளைநோய் பரவியபோது யூதர் கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்ற கதை கிளம்பியது. சவோயில் பிடிபட்ட யூதர்கள் சித்திரவதையில் அதை ‘ஒப்புக்கொண்டார்கள்’. யூதரும் நோயில் சாகிறார்களே, யூதர் இல்லாத ஊர்களிலும் நோய் பரவுகிறதே என்று பாப்பரசர் ஆறாம் கிளமென்ட் எடுத்துச்சொல்லியும் எவரும் கேட்கவில்லை. ஸ்ட்ராஸ்பேர்க்கில் 1349 பெப்ரவரி 14ஆம் திகதி நூற்றுக்கணக்கானோரை எரித்தார்கள். அன்று வரை அந்த நகருக்குள் நோய் வந்திருக்கவேயில்லை. எரித்த பிறகு யூதரிடம் பட்ட கடன்கள் இரத்தாகின. அடகுப் பொருட்கள் உரியவர்களிடம் திரும்பின. மிஞ்சிய பணம் நகரத்தாரிடையே பங்கிடப்பட்டது.

இது தூரத்துக் கதை என்று எண்ணுபவர் 2018 பெப்ரவரி 26ஆம் திகதியை நினைத்துப் பார்க்கட்டும். மண்டூரிலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் அம்பாறைக்கு. அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த மாவுக்கட்டியைப் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் கூட்டத்தின் நடுவே நின்று தடுமாறிச் சொன்ன வார்த்தை கைபேசியில் பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலில் ஓடியது. அன்றிரவு பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அப்படியொரு மாத்திரை உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அது வெறும் மாச்சத்து என்று அரச இரசாயனப் பகுப்பாய்வும் சொன்னது. அதற்குள் கண்டி மாவட்டத்தின் திகனவும் எரிந்துவிட்டது. சவோயில் சித்திரவதை வாங்கிக் கொடுத்த வாக்குமூலத்தை இங்கே ஒரு கைபேசி சில நிமிடங்களில் வாங்கிக் கொடுத்தது.

வதந்திக்குப் பின்னால் பதிவேடு வருகிறது. ராவுல் ஹில்பர்க் 1961இல் வெளியிட்ட பெருநூல் நாசிக் கொலைகளை அலுவலகக் கோப்புகளின் வழியே பின்தொடர்ந்தது. முதலில் யார் யூதர் என்று சட்டம் வரையறுத்தது. பிறகு சொத்து பறிபோனது, ஆட்கள் ஓரிடத்தில் ஒதுக்கப்பட்டார்கள், கடைசியில் கொலை. 1938 ஒக்டோபரில் யூதரின் கடவுச்சீட்டில் சிவப்பில் ஓர் எழுத்தைக் குத்தினார்கள். அடுத்த மாதம் அவர்களுடைய கடைகளையும் தொழுகை மண்டபங்களையும் நொறுக்கி எரித்துவிட்டு, நூறு கோடி மார்க் தண்டப்பணத்தையும் யூதர் மீதே சுமத்தினார்கள். 1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழ் வீடுகளைத் தேடி வந்தவர்களைக் கண்டவர்களுக்கு ஹில்பர்க்கின் பக்கங்கள் வேறுவிதமாகப் பொருள்படும்.

1938இன் தீயையும் 1983இன் தீயையும் தன் வாழ்நாளில் கண்ட ஒருவர் எங்கள் நாட்டில் இருந்தார். ஆன் ரணசிங்க 1925இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் அனெலீஸ் காட்ஸ் ஆகப் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ஊரின் தொழுகை மண்டபம் எரிவதைக் கண்டார். 1939 தொடக்கத்தில் பெற்றோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பெற்றோரை நாசிகள் லொட்ஸ் ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோய், பின் கெல்ம்னோ முகாமில் கொன்றார்கள். இலங்கை மருத்துவர் ஒருவரை மணந்து 1950களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்த அவர், 2016இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்து ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். ‘யூலை 1983’ என்ற கவிதையில் எஸ்ஸனையும் கொழும்பையும் ஒன்றாக நிறுத்துகிறார். வேடிக்கை பார்த்து நின்றவர்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் அவரிடம் இருந்த கேள்வி அங்கே அவர் பக்கமே திரும்புகிறது. சிங்களக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவரைத் தேடி இம்முறை எவரும் வரவில்லை. பாதிக்கப்பட்டவர் பார்வையாளராகவும் ஆகக்கூடும் என்பதை இந்தத் தீவில் இவ்வளவு நேர்மையாக எழுதிய இன்னொருவரை நான் அறியேன். தமிழ் வாசகருக்கு அவர் போதிய அளவு அறிமுகமாகாதது எங்களுடைய குறை.

யான் கிராஸ் எழுதிய ‘அயலவர்’ போலிஷ் மொழியில் 2000இலும் ஆங்கிலத்தில் அடுத்த ஆண்டும் வெளிவந்தது. 1941 யூலை 10ஆம் திகதி போலந்தின் யெட்வாப்னே ஊரில் யூதரைக் களஞ்சியத்துக்குள் அடைத்து எரித்தவர்கள் அவர்களுடைய போலிஷ் அயலவரே என்று அந்நூல் காட்டியது. அதுவரை அங்கிருந்த நினைவுக்கல் கொலைப்பழியை ஜெர்மானியர் மீது மட்டும் சுமத்தியிருந்தது. அக்கல் அகற்றப்பட்டது. அறுபதாம் ஆண்டு நினைவுநாளில் போலந்தின் ஜனாதிபதி அங்கு வந்து மன்னிப்புக் கேட்டார். ஊர்க்காரர் பலர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. போலந்து மக்களும் நாசிகளிடம் கொடுமை அனுபவித்தவர்கள். கிராஸின் நூல் அவர்களுக்குக் கசந்ததற்கு அதுவே காரணம்.

எங்கள் 1990ஐ இந்த நூலின் அருகில் வைக்காமல் இருக்க முடியாது. அந்த ஆண்டில் சத்துருக்கொண்டானிலும் வீரமுனையிலும், அதற்கு முன்னும் பின்னும் கொக்கட்டிச்சோலையிலும் கொல்லப்பட்ட தமிழரை நாங்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், அது எங்கள் கடமை. ஆனால் அதே 1990இல், ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் காத்தான்குடியில் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றவர்கள் எங்கள் பெயரால் போராடியவர்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். படுவான்கரையில் முஸ்லிம்கள் விட்டுப்போன வயற்காணிகளைப் பற்றி எங்கள் எழுத்து பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. எண்ணிக்கையிலும் நோக்கத்திலும் இவை நாசிக் கொலைகளுக்கு ஈடல்ல, ஈடு என்று சொல்பவருடன் நான் உடன்படேன். அயலவர் என்ன கண்டார், என்ன பெற்றார், ஏன் பேசவில்லை என்று கிராஸ் கேட்ட கேள்விகளோ இங்கும் அப்படியே பொருந்துகின்றன.

இதைச் சொல்லும்போது காசா குறுக்கே வருகிறது, வரவும் வேண்டும். இஸ்ரேல் இலங்கை அரசுக்கு விற்ற கிபிர் விமானங்களைத் தமிழர் அறிவார்கள். 2006இல் செஞ்சோலையில் மாணவிகளைக் கொன்றவை அவை. ஆயினும் ஓர் அரசின் குற்றத்தை உலகெங்குமுள்ள யூதர் தலையில் கட்டுவது பழைய வதந்தியின் புதிய உருவம். 2024 ஒக்டோபரில் அறுகம்பையில் இஸ்ரேலியப் பிரயாணிகள் மீது தாக்குதல் நடக்கலாம் என்ற எச்சரிக்கை வந்தபோது, அதற்குக் காசாவைக் காரணம் காட்டியவர்களை இணையத்தில் கண்டேன். குளிக்க வந்த ஒரு பிரயாணி எந்த அரசின் விமானத்தையும் ஓட்டியவரல்ல. இன்னொரு பக்கம் ஹிட்லரின் ‘மெய்ன் காம்ப்’ தமிழில் தாராளமாகக் கிடைக்கிறது. ஹிட்லரை ஒழுங்குக்கும் துணிவுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பேச்சாளர்களும் குறையவில்லை.

இந்தத் துறையில் தமிழுக்கு உடனே வேண்டியவை இரண்டு. கிராஸின் நூலுக்கு நல்லதொரு மொழிபெயர்ப்பு ஒன்று. 1990இன் சாட்சியங்களை வாவியின் இரு கரைகளான எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலிருந்தும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கேட்டு ஒரே தொகுதியில் சேர்ப்பது மற்றது. அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்கள். அன்று குடும்பத்தலைவர்களாக இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை.