மதுரை என்று எழுதும் முறைகள்

மதுரை என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள். அரிச்சுவடி படிக்கும் பிள்ளை சொல்லிவிடும். பைத்தான் மொழியிடம் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் 15 பைட் இடம் பிடிக்கிறது. பைத்தானுடன் வரும் ஜேசான் நூலகத்திடம் கொடுத்து, வேறு ஏதும் சொல்லாமல் எழுதச் சொன்னால், தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாத 30 குறிகளாக அது மாறுகிறது. மறுமுனையில் இன்னொரு நிரல் அந்த 30 குறிகளையும் வாசித்து, பிசகில்லாமல் மறுபடி மதுரை ஆக்கிக்கொள்கிறது. வங்கிச் செயலியும் ரயில் முன்பதிவும் ரேஷன் அட்டையும் நம் பெயர்களையும் ஊர்களையும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. எழுதுகிறவர் எதை எழுதினாரோ அதை, ஊகம் செய்யாமல், வாசிக்கிறவர் மீட்டெடுக்க வேண்டும். குறியாக்கம் என்ற கலையின் நோக்கம் அவ்வளவே. தமிழில் இந்தக் கலைக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். அதன் தொடக்கப் பக்கங்கள் நம் ஊரான மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் இருக்கின்றன.

மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, விக்கிரமங்கலம், அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று மதுரைச் சமவெளியைச் சுற்றிலும் சமண முனிவர்களின் குகைத்தளங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டார். இவற்றின் மொழி தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அதுவரை அறிஞர்கள் தடுமாறியதற்குக் காரணம், அசோகர் காலத்துப் பிராமியின் விதிகளை வைத்துக்கொண்டு அவற்றைப் படித்ததுதான். வடிவங்கள் பெரும்பாலும் அவையே. ஆனால் விதி வேறு. தவறான விதியோடு ஒரு கோப்பைத் திறந்தால் என்ன குழப்பம் வருமோ அதுவே வந்தது.

அந்த விதிகளை வகைப்படுத்தித் தந்தவர் ஐராவதம் மகாதேவன். 2003-இல் வெளிவந்த அவருடைய பெருநூல் மூன்று முறைகளைப் பிரித்துக் காட்டுகிறது. மாங்குளத்தில் காணும் முதல் முறையில், குறி ஏதும் இல்லாத எழுத்து மெய். அதாவது ம என்ற வடிவம் தனியாக நின்றால் ம் என்று படிக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு கோடு சேர்ந்தால் ம அல்லது மா. எது என்பதை இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் முறையில் கோடு மா-வுக்கு மட்டும் ஆயிற்று. ஆனால் வெறும் எழுத்து ம-வா ம்-மா என்ற ஐயம் பிறந்தது. மூன்றாம் முறையில் புள்ளி வந்தது. மெய்க்குப் புள்ளி என்று விதித்துவிட்டால் எந்த எழுத்தையும் ஒரே விதமாகத்தான் படிக்க முடியும். தொல்காப்பியமும் மெய் புள்ளி பெறும் என்றே சொல்கிறது. தமிழ்க் குறியாக்க வரலாற்றில் இந்தப் புள்ளியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

கண்டுபிடித்ததை நாம் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏட்டுச் சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எகரக் குறில் நெடில் வேறுபாடும், ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் மறைந்தன. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. வாசிப்பவர் மொழி அறிவைக் கொண்டு ஒவ்வோர் இடத்திலும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாடபேதங்கள் பலவற்றின் வேர் இதுதான். மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏ, ஓ நெடில்களுக்குத் தனிக் குறி வழங்கி இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதியைத் தீர்த்தார். அச்சு மற்றதைத் தீர்த்தது.

கணினிக்கு வருவோம். எட்டு பிட்டுக்குள் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டது. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். எஞ்சிய 128 இடங்களுக்குள் இவற்றை எப்படி அடக்குவது? விடை சொன்னவர்கள் எல்லோரும் எழுத்தைத் துண்டாக்கினார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் பள்ளிகள் பிரிந்தன.

முதல் பள்ளியை எழுத்துருப் பள்ளி எனலாம். அதில் விதி என்று ஒன்று இல்லை. பாமினி எழுத்துருவில் மதுரை என்று தெரிவதன் உள்ளே கே, ஜே, ஐ, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் கிடக்கின்றன. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையென்றால் பொருளற்ற ஆங்கிலக் கோவை. மதுரையின் டி.டி.பி. கடைகளில் பல ஆண்டுகளாகத் தட்டச்சான அழைப்பிதழ்கள், கோயில் மலர்கள், ஊர் வரலாறுகள், கவிதைத் தொகுப்புகள் இந்த வடிவில் பழைய வட்டுகளில் அடைபட்டிருக்கின்றன. அவற்றை இன்று எந்தத் தேடுபொறியும் படிக்காது. மாற்றி எழுதும் நிரல்கள் உண்டு. ஆனால் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் பள்ளி டிஸ்கி. பல நாட்டுத் தமிழர்கள் கூடி விவாதித்து உருவாக்கியது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய மின்னூல் முயற்சியான மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் தலைவர், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணைத்தலைவர். கல்யாணசுந்தரம் அதற்கு முன்பே மயிலை எழுத்துருவைச் செய்தவர். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்ட அந்தத் திட்டத்துக்கு டிஸ்கி ஒரு பொதுத் தளம் தந்தது. டிஸ்கியில் மதுரை நான்கு குறிகள்: ம, து, ஐகாரக் கொம்பு, ர. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே உள்ளே அடுக்குவார்கள். திரையில் காட்ட எளிது. ஆனால் ஐகாரக் கொம்பைப் படித்த நிரல், அது எந்த மெய்யோடு சேரும் என்றறிய அடுத்த குறி வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியே தமிழக அரசு ஏற்ற டேம், டேப் முறைகள். அவை பெரிதும் அரசு அலுவலகங்களோடும் சில பதிப்பகங்களோடும் நின்றன. அந்த மாநாடு தந்தவற்றில் தமிழ்99 விசைப்பலகையே அதிக காலம் உழைக்கிறது.

யூனிகோடு டிஸ்கிக்கும் டேம், டேப் முறைகளுக்கும் முன்னரே வந்துவிட்டது. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் நம் வீட்டுக் கணினிகள் அதை ஒழுங்காகக் காட்டத் தொடங்கப் பத்தாண்டு பிடித்தது. இந்திய அரசின் இஸ்கி முறை எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே கட்டத்தைப் போட்டிருந்தது. யூனிகோடு அந்தக் கட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால்தான் க-வுக்குக் குறியெண் 2965, அடுத்த ங-வுக்கு 2969. நடுவிலுள்ள மூன்றும் தமிழில் இல்லாத ககர இனங்களுக்காகக் காலியாகக் கிடக்கின்றன. மதுரை இங்கே 2990, 2980, 3009, 2992, 3016 என ஐந்து குறியெண்கள். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. ஒலிக்கும் வரிசையில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வருவதால் இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் பிரித்தறியலாம். டிஸ்கியின் காத்திருப்பு இங்கே இல்லை. வடிவத்தை விட்டு எழுத்துக்கு எண் கொடுத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. 1978-இல் தமிழக அரசு ணை, லை, னா போன்றவற்றின் வடிவத்தைச் சீர்திருத்தியதே, அந்த மாற்றம் யூனிகோடு எண்களைத் தொடுவதே இல்லை. பழைய வடிவம் வேண்டுமானால் பழைய எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருப்பது ஒன்றே.

குறை இல்லாமல் இல்லை. யூனிகோடு ம-வை ஒரே எண்ணாகவும், ம் என்பதை ம-வும் புள்ளியுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கிறது. இலக்கணம் சொல்வது நேர்மாறு: ம் தான் அடிப்படை, ம என்பது ம்-உம் அ-வும் சேர்ந்தது. இந்த வகையில் மாங்குளத்தில் உளி பிடித்தவர் யூனிகோட்டைவிடத் தொல்காப்பியத்துக்கு நெருக்கமானவர். இன்னொரு பள்ளியான டேஸ்16 இந்தக் குறையைக் கருதியே எழுந்தது. ஓர் எழுத்துக்கு ஓர் எண். மெய்கள் ஒரு திசையில், உயிர்கள் மறு திசையில் அடுக்கிய கட்டம். மதுரை அதில் மூன்றே குறிகள். மெய்யையும் உயிரையும் எளிய கணக்கால் பிரித்துவிடலாம். 2010-இல் தமிழக அரசு யூனிகோட்டைத் தரமாக அறிவித்தபோது டேஸ்16-ஐ மாற்றுத் தரமாகச் சேர்த்துக்கொண்டது. இலக்கணத்தில் டேஸ்16 சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உலகம் முழுவதும் ஒரு தரத்தில் எழுதியும் படித்தும் கொண்டிருக்கும்போது, யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமர்ந்திருக்கும் முறைக்குக் கைபேசிகளும் தரவுத்தளங்களும் கதவு திறக்கவில்லை. யூனிகோடு ஒருமுறை தந்த எண்ணை மாற்றுவதுமில்லை. எனவே இலக்கணத்தைக் காக்கும் பொறுப்பு குறியெண் அட்டவணையை விட்டு நிரல் நூலகங்களின் தோளுக்கு வந்துவிட்டது.

அந்தப் பொறுப்பை ஏற்ற நூலகங்களில் முதலில் சொல்ல வேண்டியது, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தோழர்களும் பைத்தானில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்த ஓப்பன்-தமிழ். சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் அதன் செயற்கூறுக்கு அடிப்படை எளியது. உயிரோ அகரமேறிய மெய்யோ ஆய்தமோ வந்தால் புது எழுத்து தொடங்குகிறது. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டுகிறது. மதுரை மூன்றாகிவிடும். உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரிக்கவும் சேர்க்கவும் தனிச் செயற்கூறுகள் உள்ளன. ஊர், இல் சேர்ந்து ஊரில் ஆக வேண்டுமானால், ரகரத்தின் புள்ளியை நீக்கி இகரக் குறியை வைக்க வேண்டும். புணர்ச்சி விதிகளையும் யாப்பையும் கணினிக்குச் சொல்லித்தர இந்தப் பிரிப்பே முதல் படி.

இந்தக் கவனம் இல்லாத நிரல் என்ன செய்யும் என்பதற்கு நம்மூர்ப் பெயர்களே சான்று. மீனாட்சி நான்கு எழுத்து, எட்டுக் குறியெண். ஐந்து இடமே உள்ள பெட்டியில் அதைத் திணித்தால் மீனாட என்று நிற்கும், புள்ளி போய்விட்டது. பைட் கணக்கில் 20-இல் வெட்டினால் ஒரு குறியெண்ணின் நடுவில் கத்தி விழுகிறது. கண்டிப்பான ஜேசான் நிரல் அந்தப் பதிவையே ஏற்காது. கொட்டாம்பட்டியின் முதல் எழுத்தைக் க-வும் ஒரே ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு இரண்டு ஊர். சேமிக்கும் முன் யூனிகோட்டின் இயல்பாக்க முறையில், அதாவது என்எஃப்சி வடிவில், ஒன்றாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அகரவரிசையில் பிழை இன்னும் பளிச்சென்று தெரியும். அரிட்டாபட்டி, அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில், அனுப்பானடி: இதுதான் தமிழ் அகராதி வரிசை. குறியெண் வரிசையில் அடுக்கினால் அனுப்பானடி தலைக்கு வந்துவிடும்; அழகர்கோவில் அவனியாபுரத்தை முந்திவிடும். இஸ்கி கட்டத்தில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்னும் உட்கார்ந்திருப்பதே காரணம். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் அபிதான சிந்தாமணியை வெளியிட்டது. அத்தனை பெரிய கலைக்களஞ்சியத்தை அகரவரிசையில் தந்த ஊர், தன் வாக்காளர் பட்டியலையும் வார்டு பட்டியலையும் தவறான வரிசையில் ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஐசியு போன்ற நூலகங்களில் தமிழ் வரிசை தயாராக இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியதுதான்.

எழுத்தைக் காப்பது ஒரு பகுதி. எழுத்தால் ஆன நூலின் அமைப்பைக் காப்பது அடுத்த பகுதி, இதில் நாம் பின்தங்கியிருக்கிறோம். மதுரைத் திட்டம் தொடங்கிய மறுமாதம், 1998 பிப்ரவரியில், எக்ஸ்எம்எல் தரம் வெளியானது. நூல்களை அமைப்போடு குறிக்கும் டி.இ.ஐ. என்னும் முயற்சி 1987 முதலே நடந்து வருகிறது. ஆனால் நம் மின்னூல்களில் பாட்டு எது, துறைக்குறிப்பு எது, உரை எது, பாடபேதம் எது என்பதைப் பெரும்பாலும் வரியின் அமைப்பையும் இடைவெளியையும் பார்த்து மனிதக் கண்தான் அறிகிறது. நிரலுக்கு எல்லாம் ஒரே வரி. புள்ளி இல்லாத ஏட்டை வாசித்தவரின் ஊகத்துக்கே நிரல் திரும்புகிறது. தன்னார்வலர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் தட்டச்சு செய்து வைத்திராவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்கு வாய்ப்பு இருந்திராது.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடி. பத்துப்பாட்டில் மிக நீண்டது அதுவே. மதுரையின் கல்லூரிகளில் கணினி பயிலும் மாணவர்களையும் தமிழ் பயிலும் மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து அந்த 782 அடிகளை அடி எண், சீர், பாடபேதம், ஊர்ப்பெயர், பொருட்பெயர் என்று குறித்து, என்எஃப்சி வடிவில், எக்ஸ்எம்எல்லாகவும் ஜேசானாகவும் எல்லோருக்கும் திறந்து வையுங்கள். மூல பாடம் மதுரைத் திட்டத்தில் இருக்கிறது. பிரிக்கும் நூலகம் இருக்கிறது. ஒரு பருவத் தேர்வுக்கான திட்டப்பணியாக இந்த ஆண்டே தொடங்கலாம்.