கமிஷனரும் கான்ஸ்டபிளும்

'அடாப்டிவ் லீடர்ஷிப்' பற்றி நாலைந்து ஆய்வுக் கட்டுரைகளை ஒரே மூச்சில் படித்தேன். சூழலுக்கேற்ப மாறுகிற தலைவர் இருந்தால் அரசு ஊழியர் நன்றாக வேலை செய்வார் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்களாம்? ஊழியரிடமே ஒரு கேள்வித்தாள். உங்கள் அதிகாரி எப்படி? நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள்? இரண்டுக்கும் பதில் சொல்பவர் ஒரே ஆள்! நான் எழுதின புரோகிராமை நானே டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டுக்கொள்வது மாதிரிதான். கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவரை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கருத்துக்கு மூலவரான ஹார்வர்டின் ரொனால்ட் ஹைஃபெட்ஸ் 1994-இல் எழுதிய புத்தகம் இதைவிட ஆழமானது. சில பிரச்சினைகளை நிபுணர் வந்து சரிசெய்துவிடலாம். வேறு சில, சம்பந்தப்பட்டவர்களே தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டால்தான் தீரும். அங்கே தலைவர் விடை சொல்லக் கூடாது. வேலையை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு உதாரணம் நம்ம திருச்சியிலேயே உண்டு. 1999-இல் மாநகரக் காவல் ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி, நகரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட சில கான்ஸ்டபிள்களிடம் ஒப்படைத்தார். பெயர் 'பீட் ஆபீசர்'. மேலதிகாரியிடம் உத்தரவு வாங்கியே பழகியவர், தன் பகுதிக்குத் தானே பொறுப்பாளி ஆனார். கூடவே புகார்ப் பெட்டிகள். ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறவரும் எழுதிப் போடலாம். என்னைக் கேட்டால் பெட்டிதான் முக்கியம். கான்ஸ்டபிளின் வேலையை வெளியே இருப்பவர் சொல்ல அது ஒரு வழி.

ஆனால் இந்தக் கதையை எல்லோரும் கமிஷனர் கதையாகவே சொல்கிறார்கள். அவர் பின்னாளில், 2019-இல், மாநில டி.ஜி.பி.யே ஆனார். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். தெரு எங்கே போகும்?

எங்கள் ஸ்ரீரங்கத்தையே பாருங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் கூட்டம். தடுப்புக் கட்டை, வரிசை, பந்தோபஸ்து எல்லாம் மேலிருந்து வரும் உத்தரவில் நடந்துவிடும், நடக்கவும் வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு, உத்திர வீதியில் தனியாக இருக்கும் பாட்டியை விசாரித்துவிட்டுப் போவது உத்தரவில் வராது. அது அந்தக் கான்ஸ்டபிளுக்கே தோன்ற வேண்டும். எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் தலைமை.

அடுத்து ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. கமிஷனர் மாற்றலாகி இரண்டு வருஷம் கழித்து வாருங்கள். கேள்வித்தாளை அந்தப் பாட்டியிடம் கொடுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: உங்க தெரு போலீஸ்காரர் பேர் தெரியுமா பாட்டி?